ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமியின் மருந்தெதிர்ப்பும் மரபணு மாற்றங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்களும், தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களும், மருந்தெதிர்ப்பு குறித்து ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் எழுப்புகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கிருமி தன் சொந்த மரபணுவில் நேர்ந்த பிழையால் எதிர்ப்பைப் பெறுவதும், இன்னொரு கிருமியிடமிருந்து முழு மரபணுவையே பெற்றுக்கொள்வதும் இரு வேறு நிகழ்வுகள். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காததே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம் என்பது என் கருத்து. இவை பொதுவான விளக்கங்கள் மட்டுமே. யாருக்கு எந்த மருந்து என்பதைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மூக்கில் ஸ்டாஃப் இருக்கிறது என்கிறார்கள். அப்படியென்றால் எனக்கு நோய் வந்துவிட்டதா?

இல்லை. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற இந்த பாக்டீரியா, ஏறத்தாழ பத்தில் மூன்று பேரின் மூக்கினுள் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. தோல் கிழிந்த இடம், அறுவைக் காயம், இரத்த நாளத்தில் செருகிய குழாய் போன்ற வழிகளில் உள்ளே புகும்போதுதான் அது கொப்புளம், சீழ்க்கட்டி, எலும்புத் தொற்று, இரத்தத் தொற்று, இதயத்தின் உள்ளுறைத் தொற்று எனப் பல வடிவங்களில் நோயாகிறது.

தொடர்ந்து மாத்திரை சாப்பிட்டதால் என் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதா?

பழகுவது உடம்பு அல்ல. எதிர்ப்பு என்பது கிருமியின் டிஎன்ஏவில் எழுதப்பட்டிருக்கும் பண்பு. ஆகவே ஆன்டிபயாட்டிக்கை வாழ்நாளில் ஒருமுறைகூட எடுத்துக்கொள்ளாத ஒருவருக்கும், ஏற்கெனவே எதிர்ப்புப் பெற்றுவிட்ட கிருமி பிறரிடமிருந்து தொற்றினால், முதல் நாளிலேயே மருந்து பலிக்காமல் போகலாம்.

மருந்தைக் கொடுப்பதால்தானே கிருமி தன்னை மாற்றிக்கொள்கிறது?

இது மிகப் பரவலான எண்ணம். ஆனால் நிகழ்வுகளின் வரிசை தலைகீழாக உள்ளது. கிருமி ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் ஏறத்தாழ 28 லட்சம் எழுத்துகள் கொண்ட தன் டிஎன்ஏவைப் படியெடுக்கிறது. அந்தப் படியெடுப்பில் மிக அரிதாக ஓர் எழுத்து தவறி விழும். இதுவே சடுதிமாற்றம். இது எங்கு, எப்போது நேரும் என்பதற்கும் எந்த மருந்து பின்னால் வரப்போகிறது என்பதற்கும் தொடர்பில்லை. ஆனால் ஒரு சீழ்க்கட்டியில் கோடிக்கணக்கான கிருமிகள் இருப்பதால், ஏதோ ஒன்றில் ஏதோ ஒரு மருந்துக்கு எதிரான பிழை மருந்து வருமுன்பே இருக்க வாய்ப்பு உண்டு. மருந்து வந்ததும் மற்றவை மடிய, அந்த ஒன்று மட்டும் பெருகி இடத்தை நிரப்புகிறது.

இதை 1943-இல் லூரியாவும் டெல்ப்ரூக்கும் ஈ.கோலை பாக்டீரியாவை வைரஸ் தாக்குதலுக்கு உட்படுத்திக் காட்டினார்கள். எதிர்ப்பு என்பது தாக்குதலுக்குக் கிருமி தரும் பதில் என்றால், தனித்தனியாக வளர்த்த குழாய்கள் அனைத்திலும் தப்பிப் பிழைப்பவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். உண்மையில் அது குழாய்க்குக் குழாய் பெரிதும் வேறுபட்டது. 1952-இல் ஜோஷுவா லெடர்பெர்க்கும் எஸ்தர் லெடர்பெர்க்கும் வெல்வெட் துணியால் ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குக் கிருமிகளை ஒற்றியெடுத்து, மருந்தையே சந்திக்காத மூலத்தட்டில் எதிர்ப்புக் கிருமி ஏற்கெனவே இருந்ததை நேரடியாக மெய்ப்பித்தார்கள். எனினும் மருந்துக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. சில ஆன்டிபயாட்டிக்குகள் கிருமியின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தி, பிழைகள் நேரும் வேகத்தையே கூட்டுகின்றன. ஆனால் எந்தப் பிழை வேண்டும் என்று கிருமி தேர்ந்தெடுப்பதில்லை.

ஒரே ஓர் எழுத்து மாறினால் மருந்தே தோற்றுவிடுமா? நம்ப முடியவில்லையே.

சில மருந்துகளில் அதுதான் நடக்கிறது. ரிஃபாம்பிசின் என்ற மருந்து, மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற கிருமியின் நொதியில் உள்ள ஒரு பள்ளத்தில் பொருந்தி அதன் வேலையை நிறுத்துகிறது. அந்த நொதியின் ஒரு பகுதியை உருவாக்கும் ஆர்.பி.ஓ-பி என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறினால், புரதத்தின் 481-ஆவது இடத்தில் ஹிஸ்டிடினுக்குப் பதிலாக வேறோர் அமினோ அமிலம் அமர்கிறது. பள்ளத்தின் வடிவம் சற்றே மாறி மருந்து பொருந்தாமல் போகிறது. நொதியோ தன் வேலையைத் தொடர்கிறது. ஸ்டாஃபில் இத்தகைய பிழை ஏறத்தாழ ஒரு கோடியிலிருந்து பத்துக் கோடிக் கிருமிகளுக்கு ஒன்று என்ற அளவில் தானாகவே காணப்படும். கிருமிகள் கோடிக்கணக்கில் உள்ள ஒரு தொற்றில் இம்மருந்தைத் தனியாகக் கொடுத்தால், தோல்வி ஏறத்தாழ உறுதி. அதனால்தான் ஸ்டாஃப் தொற்றுக்கு ரிஃபாம்பிசினை எப்போதும் வேறொரு மருந்துடன் சேர்த்தே கொடுக்கிறார்கள்: இரண்டுக்கும் ஒரே கிருமியில் ஒருசேரப் பிழை நேரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு.

எல்லா மருந்துகளும் ஒரே அடியில் வீழ்வதில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளுக்கு எதிராக முதலில் டோபோஐசோமரேஸ் நான்கு என்ற நொதியின் மரபணுவில், 80-ஆவது அமினோ அமிலத்தை மாற்றும் பிழை நேர்ந்து எதிர்ப்பு ஓரளவு உயரும். பிறகு டிஎன்ஏ கைரேஸ் நொதியின் 84-ஆவது இடமும் மாறும்போது அது மிக உயர்ந்த நிலையை அடைகிறது. மருந்தை வெளியே தள்ளும் நோர்-ஏ என்ற பம்பைக் கூடுதலாக உற்பத்தி செய்யும் மாற்றமும் இடையில் துணைக்கு வரலாம்.

அப்படியானால் எம்.ஆர்.எஸ்.ஏ.வும் ஓர் எழுத்து மாறித்தான் உருவானதா?

இல்லை, குழப்பம் தொடங்கும் இடமே இதுதான். பென்சிலின் குடும்ப மருந்துகள், கிருமியின் செல்சுவரைப் பின்னும் நொதிகளைப் பிடித்து முடக்குகின்றன. எம்.ஆர்.எஸ்.ஏ. எனப்படும், மெதிசிலின் என்ற பென்சிலின் குடும்ப மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸிடம் அந்த நொதிகள் மாறாமல் அப்படியே இருக்கின்றன. கூடுதலாக, மெக்-ஏ என்ற மரபணு உருவாக்கும் பி.பி.பி. 2-ஏ என்ற இன்னொரு நொதி அதனிடம் இருக்கிறது. மருந்து மற்ற நொதிகளை முடக்கினாலும், தன்னிடம் எளிதில் ஒட்டாத மருந்தைப் பொருட்படுத்தாமல் இது சுவர்வேலையைத் தொடர்கிறது. மெக்-ஏ ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸின் சொந்தச் சொத்து அல்ல. அதே பேரினத்தைச் சேர்ந்த, பெரும்பாலும் தீங்கற்ற வேறு ஸ்டாஃபைலோகாக்கஸ்களிடமிருந்து, ஒரு பெரிய டிஎன்ஏத் துண்டின் பகுதியாக அது வந்து சேர்ந்தது. அந்தத் துண்டு தன்னை வெட்டியெடுத்து ஒட்டிக்கொள்வதற்கான நொதிகளையும் தன்னுடனேயே சுமந்துவருகிறது. கிருமியின் குரோமோசோமில் எப்போதும் ஒரே குறிப்பிட்ட இடத்தில்தான் அது அமர்கிறது. இப்படி வந்துசேர்வதை இனி இரவல் மரபணு என்றே குறிப்பிடுகிறேன்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் மட்டும் முக்கியமானது அல்ல. எழுத்துப்பிழையால் வரும் எதிர்ப்பு ஒரே நோயாளியின் உடலுக்குள், சிகிச்சையின் நடுவிலேயே புதிதாகத் தோன்றலாம். மெக்-ஏ போன்ற இரவல் மரபணு அப்படி அடிக்கடி தோன்றுவதில்லை. அதைப் பெற்றுவிட்ட கிருமியின் வாரிசுகள் கையிலிருந்து கைக்கும், படுக்கையிலிருந்து படுக்கைக்கும் பரவுகின்றன. ஆகவே முன்னதற்கு மருந்தின் அளவும் கூட்டும் தடுப்பு. பின்னதற்குக் கை கழுவுதலே முதல் தடுப்பு.

பென்சிலின் கேட்காததும் எம்.ஆர்.எஸ்.ஏ.வும் ஒன்றுதானே?

இரண்டும் இரவல்தான், வழிமுறை வேறு. பென்சிலினை உடைத்துச் செயலிழக்கச் செய்யும் நொதியை உருவாக்கும் பிளா-இசட் என்ற மரபணு, பெரும்பாலும் பிளாஸ்மிட் எனப்படும் சிறு டிஎன்ஏ வளையத்தில் பயணிக்கிறது. இத்தகைய ஸ்டாஃப் 1942-லேயே, பென்சிலின் பரவலாகப் புழங்கத் தொடங்கும் முன்பே, பதிவாகிவிட்டது. அந்த நொதியால் உடைக்க முடியாத மருந்தாகத்தான் மெதிசிலின் 1959-இல் வந்தது. 1961-இல் பிரிட்டனில் பாட்ரிசியா ஜெவன்ஸ் அதற்கும் அடங்காத ஸ்டாஃபை அறிவித்தார். பிளா-இசட் மருந்தை அழிக்கிறது; மெக்-ஏ மருந்தைத் தொடாமலே அதைப் பயனற்றதாக்குகிறது. ஆகவே நொதியைத் தடுக்கும் கிளாவுலானிக் அமிலத்தைச் சேர்த்துக் கொடுப்பது முன்னதை வெல்லும். பின்னதில் வழக்கமாக அது உதவாது.

ரிப்போர்ட்டில் "செஃபாக்சிடின் எதிர்ப்பு" என்று போட்டிருக்கிறது. எனக்கு அந்த மருந்தையே யாரும் தரவில்லையே?

அது சிகிச்சைக்காகச் சோதிக்கப்படுவதில்லை. மெக்-ஏ மரபணுவை நன்றாகத் தூண்டிவிடும் மருந்து செஃபாக்சிடின். எனவே அம்மருந்து தோய்த்த வில்லையைச் சுற்றிக் கிருமி எவ்வளவு நெருங்கி வளர்கிறது என்று பார்த்தால், அந்த மரபணு இருப்பது தெரிந்துவிடும். "எதிர்ப்பு" என்று வந்தால் அந்தக் கிருமி எம்.ஆர்.எஸ்.ஏ. என்று பொருள். பென்சிலின், செஃபலோஸ்போரின் குடும்பங்களின் ஏறத்தாழ எல்லா மருந்துகளும் அதற்குப் பயன்படாது. பி.பி.பி. 2-ஏ நொதியோடும் ஒட்டுமாறு உருவாக்கப்பட்ட, 2010-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற செஃப்டரோலின் இதற்கு விதிவிலக்கு. ஆனால் மெக்-ஏ மரபணுவுக்குள்ளேயே எழுத்துப்பிழை நேர்ந்து செஃப்டரோலினும் ஒட்டாமல் போன கிருமிகள் இப்போது உள்ளன. இரவலாக வந்த மரபணுவும் பிறகு சடுதிமாற்றத்துக்கு உள்ளாகும் என்பதற்கு இது தெளிவான சான்று.

மனிதன் ஆன்டிபயாட்டிக்கைக் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் எம்.ஆர்.எஸ்.ஏ. வந்திருக்காதுதானே?

வந்திருக்கும், வேறு உருவில் ஏற்கெனவே வந்துமிருந்தது. மெக்-ஏவின் உறவினரான மெக்-சி என்ற மரபணுவைக் கொண்ட ஸ்டாஃப் ஐரோப்பிய முள்ளெலிகளின் உடலில் பரவலாகக் காணப்படுகிறது. 2022-இல் வெளியான ஆய்வு, இக்கிருமி வகைகள் 1800-களின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டன என்று அவற்றின் மரபணு வரிசைகளைக் கொண்டு கணித்தது. முள்ளெலியின் தோலில் வாழும் ஒரு பூஞ்சை பென்சிலின் போன்ற பொருள்களைச் சுரக்கிறது. அதனோடு இடத்துக்குப் போட்டியிட்ட ஸ்டாஃபுக்கு எதிர்ப்பு உயிர்வாழும் வழியாக அமைந்தது.

மெக்-ஏகூட மெதிசிலினுக்கு முந்தியதே. பாதுகாக்கப்பட்ட பழைய எம்.ஆர்.எஸ்.ஏ. மாதிரிகளை 2017-இல் ஆராய்ந்தவர்கள், அது 1940-களின் நடுப்பகுதியிலேயே அந்தக் கிருமி வகைக்குள் நுழைந்துவிட்டது என்றும், அதைத் தேர்ந்தெடுத்து வளர்த்தது பென்சிலினின் பெரும்பயன்பாடே என்றும் கருதினார்கள். ஆகவே எதிர்ப்பை மனிதன் உருவாக்கவில்லை. ஆனால் முள்ளெலியின் தோலுக்குள் அடங்கியிருந்த ஒன்றைப் போன்றதை மருத்துவமனைகள்தோறும் பரப்பியது நம் மருந்துப் பயன்பாடுதான்.

வான்கோமைசின்தான் கடைசி மருந்து, அதற்கும் எதிர்ப்பு வந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?

இரண்டு தனிக் கதைகள் இங்கே ஒன்றாகக் கலந்து சொல்லப்படுகின்றன. 1996-இல் ஜப்பானில் ஒரு குழந்தையின் அறுவைக் காயத்திலிருந்து, வான்கோமைசினுக்கு அரைகுறையாக மட்டுமே அடங்கும் ஸ்டாஃப் பிரித்தெடுக்கப்பட்டது. இதில் இரவல் ஏதுமில்லை. வால்-கே, வால்-ஆர், கிரா, விரா, ஆர்.பி.ஓ-பி என்று செல்சுவரோடும் கிருமியின் பொதுக் கட்டுப்பாட்டோடும் தொடர்புடைய பல மரபணுக்களில் சிறுசிறு பிழைகள் சேர்ந்து, சுவர் தடித்துப்போகிறது. வான்கோமைசின் சுவரின் அடுக்குகளில் உள்ள இலக்குகளிலேயே ஒட்டிக்கொண்டு தங்கிவிடுவதால், உள்ளே புதுச்சுவர் கட்டப்படும் இடத்துக்குப் போதிய அளவு சென்று சேர்வதில்லை.

மற்றது 2002-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கண்டறியப்பட்டது. டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த ஒரு நோயாளியின் உடலில், என்டரோகாக்கஸ் என்ற வேறொரு பாக்டீரியாவிடமிருந்து வான்-ஏ மரபணுத் தொகுதியை ஸ்டாஃப் பெற்றிருந்தது. வான்கோமைசின் பிடிக்கும் இலக்கு, அலனின் என்ற அமினோ அமிலம் இரண்டு அடுத்தடுத்து அமைந்த ஒரு முனை. வான்-ஏ அதன் கடைசி அலனினை லாக்டேட்டாக மாற்றிவிடுகிறது. மருந்தின் பிடிப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. இது முழு எதிர்ப்பு. முதல் வகையோ மருந்தளவு ஒரு மில்லிலிட்டருக்கு 4 முதல் 8 மைக்ரோகிராம் இருந்தால் அடங்கும் இடைநிலை. நற்பேறாக, முழு எதிர்ப்புக் கிருமிகள் உலகில் மிகச் சிலவே பதிவாகியுள்ளன. சிகிச்சையில் உண்மையான தொல்லை தருவது பெரும்பாலும் இடைநிலை வகையே. "கடைசி மருந்து" என்பதும் பழைய பேச்சு. டாப்டோமைசின், லினசோலிட், செஃப்டரோலின் ஆகியவை உள்ளன.

சிகிச்சை நடக்கும்போதே கிருமி படிப்படியாக மாறுவதை யாராவது நேரில் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள், இத்துறையில் என்னை மிகவும் ஈர்த்த ஆய்வும் அதுவே. இதய உள்ளுறைத் தொற்றுக்காக வான்கோமைசின் பெற்றுவந்த ஒரு நோயாளியின் இரத்தத்திலிருந்து ஏறத்தாழ மூன்று மாதக் காலத்தில் அடுத்தடுத்து எடுக்கப்பட்ட ஸ்டாஃப் மாதிரிகளின் முழு மரபணு வரிசையை ஒப்பிட்டு 2007-இல் வெளியிட்டார்கள். முதல் மாதிரிக்கும் கடைசி மாதிரிக்கும் இடையே 35 எழுத்து மாற்றங்கள் மட்டுமே இருந்தன. அதற்குள் கிருமியை அடக்கத் தேவையான வான்கோமைசின் அளவு எட்டு மடங்கு உயர்ந்திருந்தது. பிழைகள் ஒரே நாளில் சேரவில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன.

அதைவிடக் கவனிக்க வேண்டியது, டாப்டோமைசினுக்கு அக்கிருமி அடங்கும் தன்மையும் உடன் குறைந்தது. அந்த மருந்து அவருக்குக் கொடுக்கப்படவே இல்லை. சுவரையும் சவ்வையும் மாற்றும் பிழைகள் ஒரு மருந்துக்கென்று வந்தாலும், அதே வாசலைப் பயன்படுத்தும் இன்னொன்றையும் தடுத்துவிடலாம்.

லினசோலிட்டுக்கு எதிர்ப்பு அரிது என்கிறார்களே, ஏன்?

லினசோலிட், புரதத்தை உருவாக்கும் ரைபோசோமில் உள்ள 23-எஸ் ஆர்என்ஏவில் ஒட்டுகிறது. அதற்கான மரபணு ஸ்டாஃபில் ஒன்றல்ல, ஐந்தோ ஆறோ படிகளாக உள்ளது. 2576 என எண்ணப்படும் இடத்தில் குவானின் மாறும் பிழை ஒரு படியில் மட்டும் நேர்ந்தால், மற்றப் படிகள் மருந்துக்கு அடங்கும் ரைபோசோம்களையே உருவாக்கிக்கொண்டிருக்கும். மாறிய படிகளின் எண்ணிக்கை கூடக்கூடத்தான் எதிர்ப்பும் உயர்கிறது. எனவே இது பெரும்பாலும் பல வாரங்கள் நீளும் சிகிச்சையில்தான் காணப்படுகிறது. ஆனால் சி.எஃப்.ஆர். என்ற இரவல் மரபணு, ரைபோசோமில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்து இந்தக் காத்திருப்பு முழுவதையும் ஒரே தாவலில் கடந்துவிடுகிறது. பிளாஸ்மிட்டில் பயணிக்கக்கூடியது என்பதால் அதைத்தான் நான் கூடுதலாக அஞ்சுவேன்.

முதலில் கிளிண்டாமைசின் கேட்கும் என்று ரிப்போர்ட் வந்தது, பிறகு கேட்காது என்று மாற்றிவிட்டார்கள். ஆய்வகத்தின் தவறா?

பெரும்பாலும் இல்லை. எர்ம் எனப்படும் இரவல் மரபணு எரித்ரோமைசினுக்கும் கிளிண்டாமைசினுக்கும் ஒருசேர எதிர்ப்பைத் தரவல்லது. ஆனால் சில கிருமிகளில் அது உறக்கத்தில் இருக்கும். எரித்ரோமைசின் அதை எழுப்பும், கிளிண்டாமைசின் எழுப்பாது. எனவே தனியாகச் சோதித்தால் கிளிண்டாமைசின் பலிப்பதாகவே தெரியும். இரண்டு வில்லைகளையும் அருகருகே வைத்தால், எரித்ரோமைசின் பக்கம் மட்டும் வளர்ச்சி உள்ளே நெருங்கி, கிளிண்டாமைசினைச் சுற்றி வட்டமாக இருக்க வேண்டிய தெளிந்த பகுதி ஒரு புறம் தட்டையாகிவிடும். இதை டி-சோதனை என்கிறோம்.

எழுப்பாத மருந்தைக் கொடுத்தால் என்ன என்று நல்ல மாணவர்கள் கேட்பார்கள். அந்த மரபணுவை அடக்கி வைத்திருக்கும் முன்பகுதியில் ஒரு சடுதிமாற்றம் நேர்ந்தால் அது நிரந்தரமாக விழித்துக்கொள்ளும். கிளிண்டாமைசின் அத்தகைய கிருமிகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்துவிடும். இரவலும் சடுதிமாற்றமும் கைகோக்கும் இடம் இது.

எதிர்ப்புப் பெற்ற கிருமி பலவீனமானது, மருந்தை நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும் என்று படித்தேன். சரியா?

பாதி சரி. ஃபியூசிடிக் அமிலம் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு எதிரான பிழைகள் பல, புரத உற்பத்தியைத் தாமதமாக்கிக் கிருமியின் வளர்ச்சியைக் குறைக்கின்றன. ஆனால் பிழை திருத்தப்பட்டுப் பழைய நிலைக்குத் திரும்புவதைவிட, வேறோர் இடத்தில் ஈடுசெய்யும் இன்னொரு மாற்றம் நேர்வதற்கான வழிகள் கூடுதல். அப்போது எதிர்ப்பும் நிற்கும், வேகமும் மீளும். மருந்தை நிறுத்தினால் எதிர்ப்புக் கிருமியின் விகிதம் குறையலாம்; மறைந்துவிடும் என்று நம்ப இடமில்லை.

எம்.ஆர்.எஸ்.ஏ. மற்ற ஸ்டாஃபைவிடக் கொடூரமானதா? கிருமிநாசினிக்கும் அடங்காதா?

எதிர்ப்பு வேறு, நோயூட்டும் திறன் வேறு. நஞ்சுகளுக்கான மரபணுக்கள் தனியாக உள்ளன. மருந்துக்கு அடங்கும் ஸ்டாஃபும் உயிரைப் பறிக்கும். எம்.ஆர்.எஸ்.ஏ. கூடுதல் உயிரிழப்பைத் தருவதற்குச் சரியான மருந்து தாமதமாகத் தொடங்குவது ஒரு முக்கியக் காரணம். ஆல்கஹால் கலந்த கைத்தேய்ப்பு எம்.ஆர்.எஸ்.ஏ.வையும் கொல்லும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக்கு மட்டும் கியூ-ஏ-சி எனப்படும் பம்பு மரபணுக்கள் சகிப்பை ஓரளவு கூட்டுகின்றன.

எல்லா மருந்துக்கும் "கேட்கும்" என்றே வந்தது, ஆனால் தொற்று திரும்பத் திரும்ப வருகிறதே?

முதலில் பார்க்க வேண்டியது மரபணுவை அல்ல. வடிக்கப்படாத சீழையும், அகற்றப்படாத குழாயையும், செயற்கை மூட்டின் மேல் படர்ந்த உயிர்ப்படலத்தையும். அங்கே மருந்து போதிய அளவு சென்றடைவதில்லை, கிருமிகளும் மெதுவாகவே பெருகுகின்றன. அடுத்து, சிறு காலனி வகை என்றொன்று உண்டு. ஆற்றல் பெறத் தேவையான ஹீம் அல்லது மெனாகுவினோன் என்ற பொருள்களின் உற்பத்திக்கான மரபணுவில் நேரும் பிழையால் கிருமி ஆற்றல் குன்றி, மிக மெதுவாக வளர்ந்து, நம் செல்களுக்குள்ளேயே பதுங்குகிறது. ஜென்டாமைசின் போன்றவை உள்ளே நுழைய சவ்வின் மின்னழுத்தம் தேவை. அது குறைந்துவிடுவதால் மருந்து நுழைவதில்லை. தட்டில் ஊசிமுனை அளவே தெரியும் இக்காலனிகளை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் தட்டை எறிந்தால் தவறவிடுவோம். இதைச் சந்தேகிக்கும் மருத்துவர் ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

முழு மரபணு வரிசையையும் படித்துவிட்டால் தட்டில் வளர்த்துப் பார்க்கும் வேலையே வேண்டாமே?

இரவல் மரபணுக்களைப் பொறுத்தவரை வரிசை மிக நன்றாகச் சொல்லும். ஆனால் தேடத் தெரிந்ததைத்தான் சொல்லும். மெக்-சி 2011-இல் அறியப்படும் வரை, மெக்-ஏவை மட்டும் தேடிய சோதனைகள் அதைக் கொண்ட கிருமிகளை எம்.ஆர்.எஸ்.ஏ. அல்ல என்றே காட்டின. மறுபுறம், அந்த டிஎன்ஏத் துண்டு ஒட்டியிருக்கும் எல்லையை மட்டும் அடையாளம் காணும் விரைவுச் சோதனைகள், துண்டு இருந்தும் மெக்-ஏ உதிர்ந்துபோன கிருமியை எம்.ஆர்.எஸ்.ஏ. என்று தவறாகக் காட்டக்கூடும். மெக்-ஏ இருந்தும், மெதிசிலின் போன்ற மருந்தான ஆக்சசிலினுக்கு அடங்குவதாகத் தட்டில் தெரியும் கிருமிகளும் உள்ளன. மெக்-ஏ எவ்வளவு எதிர்ப்பைத் தரும் என்பதே, குரோமோசோமில் வேறு இடங்களில் நேரும் சடுதிமாற்றங்களைப் பொறுத்துப் பெரிதும் மாறுகிறது.

வான்கோமைசின் இடைநிலை வகையில் சிக்கல் இன்னும் கூடுதல். மேலே சொன்னபடி அங்கே பல மரபணுக்களின் சிறு பிழைகள் சேர்ந்து வேலை செய்கின்றன, ஒரே விளைவுக்குப் பல பாதைகள் உள்ளன. புதிதாக ஒரு பிழையைக் கண்டால் அது எதிர்ப்புக்குரியதா, சும்மா வந்ததா என்று வரிசை மட்டும் சொல்லாது. ஆகவே இப்போதைக்கு விரைவுச் சோதனையின் முடிவைக் கொண்டு சிகிச்சையைத் தொடங்கி, கிருமியை மருந்தோடு வளர்த்துப் பார்த்த முடிவு வந்ததும் அதைச் சரிபார்த்துக்கொள்வதே வழக்கம். இரண்டும் முரண்பட்டால் மாதிரியை மீண்டும் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம்.